நகர உத்தியோகமும் நல்வாழ்வும்



உத்தியோகம் புருஷ லட்சணம் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு பழமொழி. அதிலும் கந்தோர் உத்தியோகம் என்றால் அதற்குத் தனி மதிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் இளைஞர்கள் கொழும்பை நோக்கிப் புகையிரதம் ஏறியதும், இன்றும் ஏறுவதும் பெரும்பாலும் இந்த மதிப்பின் பொருட்டே. இன்று அது பெண்களுக்கும் உரிய லட்சணமாகிவிட்டது. ஆயின், உத்தியோகத்துக்கு ஏற்ற கல்வி யாது, அதன் சம்பளம் யாது, பதவி உயர்வு யாது என்றெல்லாம் ஆராயும் நாம், அந்த உத்தியோகத்தை முப்பது நாற்பது ஆண்டுகள் தாங்கவேண்டிய உடம்பையும் உள்ளத்தையும் பற்றி ஆராய்வது அரிது. ஆராயும் வேளை வரும்போது பலர் வைத்தியசாலைக் கட்டிலில் இருக்கின்றனர். ஆகவே, அதனைச் சற்று முற்கூட்டியே இன்று ஆராய்ந்து பார்ப்போம்.

கொழும்பில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலே பணிபுரியும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுகின்றார். வத்தளையிலிருந்து நெரிசல் மிகுந்த பஸ் வண்டியில் நின்றபடியே கோட்டைக்கு வருகின்றார். எட்டரை மணி தொடங்கி மாலை ஆறு மணி வரையும் கணினியின் முன் அமர்ந்திருக்கின்றார். மேலதிகாரியின் முகக்குறிப்பு, முடியாத கணக்கு, மாத இறுதித் தவணை ஆகிய இவை அவருடன் அதே பஸ்ஸில் ஏறி வீட்டுக்கும் வருகின்றன. வீட்டில் பிள்ளை தன் பாடப்புத்தகத்துடன் வந்து நிற்கின்றது. அவரோ கைத்தொலைபேசியில் வந்த கந்தோர்ச் செய்திக்கு மறுமொழி எழுதிக்கொண்டிருக்கின்றார். உடல் வீட்டில் இருக்கின்றது. உள்ளம் இன்னும் கந்தோரிலேயே இருக்கின்றது. இவர் சோம்பேறியல்லர், குடும்பப் பற்று அற்றவருமல்லர். இவருக்கு நேர்ந்தது யாது?

அதனை அறிய உடலின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். அமெரிக்காவிலே ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் ஆராய்ந்த வோல்ற்றர் கனன் என்பவர், அச்சமும் கோபமும் உடலில் விளைக்கும் மாற்றங்களை விளக்கி 1915ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்தைக் கண்டவுடன் அதிரனலின் என்னும் சுரப்பு குருதியில் கலக்கின்றது, இருதயம் விரைகின்றது, குருதி அமுக்கம் உயர்கின்றது, சமிபாடு தளர்கின்றது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் ஆயத்தமாகின்றது. பின்னர், கனடாவின் மொன்றியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலி 1936ஆம் ஆண்டில், இத்தகைய நெருக்கடி நீடிக்குமாயின் என்ன நிகழும் என்பதனை எடுத்துக் காட்டினார். முதலில் உடல் எச்சரிக்கை அடைகின்றது; அடுத்து எதிர்த்துத் தாங்குகின்றது; நெருக்கடி நீங்காவிடின் ஈற்றில் களைத்து ஓய்ந்துவிடுகின்றது.

இதில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. இந்த ஏற்பாடு இயற்கை நமக்கு அளித்த காவல். தெருநாய் ஒன்று துரத்தினால் ஓடுகின்றோம். சிறிது நேரத்தில் மூச்சு அடங்குகின்றது. உடல் பழைய நிலைக்குத் திரும்புகின்றது. ஆனால் கந்தோர்க் கோவை நம்மைத் துரத்தும்போது நாம் ஓடுவதற்கு இடமில்லை, எதிர்ப்பதற்கும் வழியில்லை. நாற்காலியிலே அசையாமல் அமர்ந்திருக்கின்றோம். உள்ளே அபாயமணி மாத்திரம் ஒலித்துக்கொண்டேயிருக்கின்றது. கேடு விளைப்பது மணி ஒலிப்பதன்று. அது ஓயாமல் ஒலிப்பதே. எனவே, நகர உத்தியோகத்தர் கற்கவேண்டிய கலை, பரபரப்பே இல்லாத வாழ்வைத் தேடுவதன்று. பரபரப்புக்கு ஒவ்வொரு நாளும் ஒரு முடிவை ஏற்படுத்துவதே அக்கலை.

மனிதன் எவ்வளவு நேரம் உழைத்தாலும் பழகிவிடுவான் என்று கூறுவாருமுளர். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு வேறு கதை கூறுகின்றது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்போருடன் ஒப்பிடுமிடத்து, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போர்க்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 வீதம் அதிகம். இருதய நோயால் இறக்கும் அபாயம் 17 வீதம் அதிகம். நீண்ட வேலை நேரத்தின் விளைவாக 2016ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 7,45,000 பேர் உயிரிழந்தனர் என அம்மதிப்பீடு கணக்கிட்டது. ஜப்பானியர் இதற்கு ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கின்றனர். மிகை உழைப்பால் நேரும் மரணத்தை அவர்கள் ‘கரோஷி’ என்கின்றனர். அதனைத் தடுப்பதற்கென்றே 2014ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் இயற்றினர்.

நேரம் மாத்திரந்தான் காரணமா? அன்று. பொறுப்பு மிகுந்த பெரிய அதிகாரிகளுக்கே இருதய நோய் வரும் என்பது பலரது எண்ணம். லண்டனில் வைற்ஹோல் என்னும் அரசாங்கக் கந்தோர் வட்டாரத்தில் 1967ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சி அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. ஏறத்தாழ 18,000 ஆண் உத்தியோகத்தர்களை ஆராய்ந்தபோது, மிகக் கீழ்த்தரத்தில் இருந்தோர் மிக உயர்தரத்தில் இருந்தோரைவிட மூன்று மடங்குக்கு மேலான வீதத்தில் இருதய நோயால் இறந்தமை தெரியவந்தது. புகைத்தலும் குருதி அமுக்கமும் அந்த வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கின. 1985ஆம் ஆண்டு தொடங்கிய இரண்டாவது ஆராய்ச்சியில் பெண்களும் சேர்க்கப்பட்டனர். தம் வேலையின் போக்கைத் தாமே தீர்மானிக்க வழியற்றிருந்தோருக்கு இருதய நோய் கூடுதலாக வந்ததை அது காட்டியது. பாரம் மாத்திரம் மனிதனை முறிப்பதில்லை. எப்போது இறக்கி வைக்கலாம் என்று தானே சொல்லமுடியாத பாரமே அவனை முறிக்கின்றது.

ஆகவே, மேலதிகாரிகளாயுள்ள நேயர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. மாலை ஐந்து மணிக்குக் கோவையொன்றைக் கையில் கொடுத்து, “நாளைக் காலை வேண்டும்” என்று கூறுமுன், அது உண்மையிலேயே நாளைக் காலை வேண்டுமா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். எந்த வேலையை முதலில் செய்வது என்பதனை உங்கள் கீழுள்ளவரே தீர்மானிக்க விடுங்கள். இதற்குச் செலவில்லை. நமது நாட்டுச் சட்டமும் இதே திசையையே காட்டுகின்றது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம், சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி என்று வகுத்தது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும், ஆண்டுதோறும் 14 நாள் வருடாந்த லீவும், 7 நாள் அமய லீவும் அச்சட்டம் ஏற்படுத்தியவை. லீவு எடுப்பது நன்றிகேடு என்று கருதி ஒதுக்கி வைப்போர் நம்மிடையே பலர். நேயர்களே, லீவு எவரும் இடும் பிச்சையன்று. அது உழைத்தவனின் உரிமை.

இனி, நாமாகச் செய்யக்கூடியவை யாவை எனப் பார்ப்போம். முதலாவது, வேலைநாளுக்கு ஒரு கதவு அமைத்தல். கந்தோரை விட்டுப் புறப்படுமுன் பத்து நிமிடங்களை ஒதுக்குங்கள். முடியாத வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். நாளை எதனை முதலில் தொடங்குவது என்பதனையும் குறியுங்கள். தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுங்கள். தாள் நினைவில் வைத்திருப்பதை மூளை இரவெல்லாம் சுமக்கவேண்டியதில்லை. வீட்டிலே கைத்தொலைபேசிக்கும் இவ்வாறே ஓர் எல்லை வேண்டும். பிரான்சு தேசத்தில் 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, வேலை நேரத்துக்குப் பின் கந்தோர்த் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பற்றிப் பெரிய நிறுவனங்கள் ஊழியருடன் பேசவேண்டும் என்று விதித்தது. அத்தகைய சட்டம் இல்லாத இடத்தும், இராச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியை வேறோர் அறையில் வைப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.

இரண்டாவது, நடத்தல். லண்டன் நகரத்து இரட்டைத் தட்டு பஸ் வண்டிகளில் வேலை செய்தோரை ஜெரெமி மொரிஸ் என்னும் வைத்தியர் ஆராய்ந்து 1953ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, படிகளில் ஏறியிறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாயிருந்தது. உள்ளே ஒலித்த அபாயமணி உடலை ஓடுவதற்கு ஆயத்தப்படுத்தியதல்லவா? அந்த ஆயத்தத்தை நடையிலே செலவிடுதல் தகும். ஒரு தரிப்பிடத்துக்கு முன்னரே பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பதும் நடையே. கோட்டையில் வேலை செய்வோர்க்குக் காலிமுகத்திடல் அருகிலேயே உள்ளது. அங்குள்ள கடலோர நடைபாதை, தேசாதிபதி ஹென்றி வோட் காலத்தில் 1856ஆம் ஆண்டு தொடங்கி 1859ஆம் ஆண்டு நிறைவுற்றது. கொழும்புப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி இதனைப் பேணும்படி பின்வருவோரை வேண்டும் கல்வெட்டொன்று அங்கே உண்டு. நகரத்துக்கும் மூச்சு விட ஓர் இடம் வேண்டும் என்பதனை அன்றைய ஆட்சியாளரும் உணர்ந்திருந்தனர். அதனருகே நாள்தோறும் சென்றும் கடலை ஏறெடுத்துப் பாராத உத்தியோகத்தர் எத்தனை பேர்!

மூன்றாவது, உறக்கம். வளர்ந்தோர்க்கு இரவில் ஏழு மணி நேர உறக்கமாவது வேண்டும் என்பது வைத்தியர்களின் பொதுக் கருத்து. களைப்பைப் போக்க மாலையில் பருகும் தேநீரோ கோப்பியோ இரவில் நம் உறக்கத்தைக் கெடுக்கலாம்; அவற்றிலுள்ள கஃபீனில் பாதியளவு உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செல்லும். மதுவைத் துணையாகக் கொள்வோரின் நிலை இன்னும் பரிதாபம். அது விரைவில் கண்ணயரச் செய்து, பின்னிரவில் உறக்கத்தைக் கலைத்துவிடும். திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் உண்டு. வள்ளுவர் அதனை மூலிகைகளின் பட்டியலாக இயற்றவில்லை. உண்பதிலும் வாழ்விலும் அளவறிதலையே பெரிதும் வலியுறுத்தினார். அவ்வளவு உழைப்புக்கும் பொருந்தும்.

இங்கே இல்லத்தரசர்களாகிய ஆண்களுக்கு ஒன்று கூறாமல் விட இயலாது. கணவனும் மனைவியும் உத்தியோகம் பார்க்கும் வீட்டில், கணவனின் வேலைநாள் ஆறு மணிக்கு முடிகின்றது. மனைவியின் இரண்டாவது வேலைநாள் அப்போது அடுப்படியில் தொடங்குகின்றது. அவளுக்கும் இருதயம் ஒன்றுதான். ஓய்வு என்பது ஒருவர் பெற மற்றவர் விலை கொடுக்கும் பொருளாக இருத்தலாகாது. தேங்காய் துருவுவதாலும் பாத்திரம் துலக்குவதாலும் புருஷ லட்சணம் குறைந்துவிடாது.

இவை யாவற்றையும் செய்தும் சிலருக்கு உள்ளம் தெளிவதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமின்மையோ, எதிலும் நாட்டமின்மையோ, வாழ்வில் வெறுப்போ நீடிக்குமானால் வைத்தியரை நாடுங்கள். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் செல்ல வெட்கப்படாத நாம் இதற்கு மட்டும் வெட்கப்படுவது அறியாமை. மனச்சுமையைப் பொறுமையுடன் கேட்பதற்கென 1974ஆம் ஆண்டு முதல் சுமித்ரயோ என்னும் தொண்டு அமைப்பும் நம் நாட்டில் இயங்கிவருகின்றது. நெஞ்சு வலியையோ மூச்சிளைப்பையோ கந்தோர்க் களைப்பு என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். அன்றே, அப்போதே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நேயர்களே, நகரை விட்டு ஓடுவது நம்மிற் பலருக்கு இயலாத காரியம். ஊரிலே வீட்டுக் கூரையும் தங்கையின் கல்வியும் தாயின் மருந்தும் இந்தச் சம்பளத்தையே நம்பியிருக்கின்றன. அவற்றைத் தாங்குவதற்காகவே உழைக்கின்றோம். அவ்வாறாயின், தாங்குகின்ற தூணைப் பேணுவது தன்னலமாகாது. நம் இடத்தில் கந்தோர் மற்றொருவரை ஒரு மாதத்தில் அமர்த்திக்கொள்ளும். வீட்டார் அவ்வாறு செய்ய இயலாது. நாளைய மாலை, மேசை இழுப்பறையைப் பூட்டும்போது இதனை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பின்னர் சாவியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, வீடு செல்லுங்கள்.