இடக்கைக்காரரும் இசைக்கருவியும்



தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில், ஆற்றங்கரையிலிருந்து காவடிகள் புறப்பட்டு வரும் வழியில் நின்றவர்களுக்கு உறுமி மேளத்தின் ஓசையை நாம் விளக்க வேண்டியதில்லை. 272 படிகளில் ஏறத் தயங்கும் காலையும் ஏற வைக்கும் ஓசை அது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளிப் பிள்ளைகள் சிலரோடு அங்கே நின்றிருந்தோம். மேளக்காரர்கள் சற்று இளைப்பாற இறக்கி வைத்திருந்த உறுமி ஒன்றை, நான்காம் ஆண்டில் படிக்கும் மாணவன் ஒருவன் ஆசையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டான். மற்றவர்கள் பிடிக்கும் கைக்கு மாறாகக் குச்சிகளைப் பிடித்துத் தட்டினான். தாளம் பிசகவில்லை. ஆனால் அவன் தந்தை கண்டுவிட்டார்.

"டேய், சாமி காரியத்துல பீச்சாங்கையைக் காட்டாதடா!"

பையன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு இடக்கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான். அந்தத் தந்தை கெட்டவரல்லர். செம்பனைக் குலை வெட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். சற்று நேரம் கழித்து அவரே நம்மிடம் வந்து, "சார், இவன் எல்லாத்துக்கும் அந்தக் கையைத்தான் நீட்டுறான். இவனுக்குன்னு தனியா மேளமா செய்ய முடியும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நாம் நேராக விடை சொல்லத் தக்கவர்கள்தாம். ஏனெனில் நாமும் இடக்கைக்காரர். அதுமட்டுமன்று, இடக்கைக்காரர் வாசிப்பதற்கென்று கடையில் எளிதில் கிடைக்காத ஒரு கருவியை, இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்தும் பிரித்தும் மாற்றியும் வருகிறோம். அதுதான் பாஸ் கித்தார்.

பாஸ் கித்தார் எது என்று சில தாய்மார்கள் கேட்கக்கூடும். இன்னிசைக் குழுக்களில் நீண்ட கழுத்தும் தடித்த நான்கு கம்பிகளுமாக ஒருவர் ஓரமாக நின்று வாசிப்பாரே, அது. சாதாரணக் கித்தாருக்கு ஆறு கம்பி, இதற்கு நான்கு. அதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அது ஒலிக்கும்போது பலர் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால் பாட்டு வெறிச்சோடிப் போகும். இளையராஜா இசையமைத்த பாடல்களைக் கூர்ந்து கேட்டால், பாடகர் ஒரு வழியில் செல்ல, பாஸ் கித்தார் அடியில் தன் வழியில் நடந்து வருவது தெரியும். அந்த நடைக்கு மயங்கித்தான் நாம் இதில் விழுந்தோம்.

1998இல், பதினேழு வயதில், தோட்டத்து இளைஞர் குழுவில் சேர்ந்தோம். கிள்ளானில் பழைய சாமான் கடை ஒன்றில் 120 வெள்ளிக்கு ஒரு பாஸ் கித்தார் கிடைத்தது. வலக்கைக்காரருக்காகச் செய்யப்பட்டது. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் தடித்த கம்பி கீழும் மெல்லிய கம்பி மேலும் வந்துவிடும். கம்பிகளைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். அப்படியே செய்து, கோயில் திருவிழா மேடையிலும் ஏறிவிட்டோம். இரண்டாம் பாட்டின் நடுவே தடித்த கம்பி தன் பள்ளத்தைவிட்டுத் துள்ளி வெளியே வந்தது. முன் வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "பீச்சாங்கைக்கு இதான்" என்று சொன்னது ஒலிபெருக்கி இல்லாமலே நமக்குக் கேட்டது.

உண்மைக் காரணம் கையில் இல்லை, பள்ளத்தில் இருந்தது. கழுத்தின் தலைப்பக்கம் ஒரு சிறு கட்டை உண்டு; கடைக்காரர்கள் 'நட்' என்பார்கள். அதில் நான்கு பள்ளங்கள். தடித்த கம்பி ஏறத்தாழ 0.105 அங்குலம், மெல்லியது 0.045 அங்குலம். ஒன்றுக்கென்று அறுத்த பள்ளத்தில் மற்றொன்று நிற்காது. தடித்தது மேலே தூக்கி நிற்கும். மெல்லியது அகலப் பள்ளத்தில் கிடந்து கரகரக்கும். தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்த ஓர் அண்ணன் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பித்தளைத் துண்டை வெட்டி, இரண்டு மாலைப் பொழுதில் அரத்தால் ராவிப் புதிய 'நட்' செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை; ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தோம். அந்தத் துண்டு இன்றும் அதே கித்தாரில் இருக்கிறது.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. மறுமுனையில் கம்பிகளைத் தாங்கும் 'பிரிட்ஜ்' என்ற பகுதி இருக்கிறது. தடித்த கம்பிக்கு மெல்லியதைவிடச் சற்றே கூடுதல் நீளம் வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தின் மேற்பகுதியில் சுருதி கலையும். ஆகவே ஒவ்வொரு கம்பியின் தாங்கியையும் திருகாணியால் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். வீணையில் மெட்டு என்போமே, அதுபோல இதிலும் மெட்டுகள் உண்டு. பன்னிரண்டாம் மெட்டின் மேல் கம்பியை விரலால் இலேசாகத் தொட்டு மீட்டி ஒரு முறை கேட்க வேண்டும். அதே இடத்தில் அழுத்தி மீட்டி மறுமுறை கேட்க வேண்டும். இரண்டும் ஒரே சுருதியாக ஒலிக்கும்வரை திருகாணியை விடக்கூடாது. காதுதான் இதற்கு அளவுகோல்.

பிறகு தோள்வார். வாரை மாட்டும் குமிழ் மேற்கொம்பில் இருக்கும். கருவியைத் திருப்பியதும் அது கீழே போய்விடும். மறுகொம்பில் புதிதாகத் துளையிட்டுப் பொருத்த வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் முழங்கைக்கடியில் வந்து, வாசிக்கும்போதே தாமாகத் திரும்பிக்கொள்ளும்! இதனால் நாம் மேடையில் இருமுறை ஊமையானதுண்டு. கழுத்தின் விளிம்பில் மெட்டுகளை அடையாளம் காட்டும் சிறு புள்ளிகளும் அடிப்பக்கம் போய்விடும். நம் வீட்டம்மாவின் நகப்பூச்சை எடுத்து மேல் விளிம்பில் புள்ளி வைத்தோம். அவர் இன்னும் அதை மறக்கவில்லை.

இப்படி ஒன்று, இரண்டு என்று இன்று நம் வீட்டில் ஐந்து பாஸ் கித்தார்கள் சுவரில் தொங்குகின்றன. இடக்கைக்கென்றே செய்தது அவற்றுள் ஒன்றுதான். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கேட்டால் வலக்கைக்கு ஒரு வரிசையே காட்டுவார்கள். இடக்கைக்கு "சொல்லி வைக்க வேண்டும்" என்பார்கள். உலகில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவர் இடக்கைக்காரர். ஒன்பது பேருக்குச் செய்வதுதான் வியாபாரியின் கணக்கு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அரத்தைக் கையில் எடுப்பதே மேல்.

திருப்பிய கருவியில் ஒலியும் கொஞ்சம் மாறும். அமெரிக்காவில் லியோ பெண்டர் 1951இல் 'பிரிசிஷன்' என்ற பாஸ் கித்தாரை வெளியிட்டார். 1957 முதல் அதில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள் இரண்டு பாதிகளாகப் பிரிந்திருக்கிறது. தடித்த கம்பிகளுக்குரிய பாதி கழுத்துப் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கும். திருப்பினால் அது பிரிட்ஜ் பக்கம் வந்து, தடித்த கம்பிகளின் ஒலி சற்று இறுகிக் கெட்டியாகும். நமக்கு அதுதான் பிடிக்கிறது. எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டோம்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னியும் இடக்கைக்காரரே. அவர் 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹோப்னர் நிறுவனத்தின் பாஸ் கித்தாரை வாங்கினார். அது வயலின் வடிவம். இருபுறமும் ஒத்திருப்பதால், இடப்பக்கம் பிடித்தாலும் கோணலாகத் தோன்றாது. அந்த வடிவமும் அவருக்குப் பிடித்திருந்தது. 1972இல் களவுபோன அந்தக் கருவி, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு அவரிடமே திரும்பியது. செய்தி 2024இல் வெளிவந்தது. கம்பியை மாற்றாமலே வாசிப்பவரும் உண்டு. ஜிம்மி ஹாஸ்லிப் என்ற அமெரிக்கர், தடித்த கம்பி கீழே இருக்கும்படியே வாசித்துப் பெயர் பெற்றார்.

மேல்நாட்டார் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்காகப் பழநிக்கு வருவோம். மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைக்காரர். மிருதங்கத்தில் வலந்தலை, தொப்பி என்று இரண்டு முகங்கள். மற்றவர்கள் வலந்தலையை வலக்கையால் வாசிக்க, அவர் மிருதங்கத்தைத் திருப்பி வைத்து அதை இடக்கையால் வாசித்தார். கருவிக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. தொல்லை மேடையில் வந்தது. பாடகரின் வலப்பக்கம் மிருதங்கமும் இடப்பக்கம் வயலினும் அமர்வது வழக்கம். அப்போதுதான் வலந்தலை சபையை நோக்கும். இடக்கைக்காரர் வாசித்தால் இருவரும் இடம் மாற வேண்டும். இடம் மாற ஒப்பாத வயலின் வித்துவான்கள் இருந்தார்கள். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அந்தப் பக்கம் உட்கார்ந்தால் வயலினின் முகம் சபைக்குப் புறம்பாகத் திரும்பிவிடும். ஆயினும் ஒரு மேதைக்கு வாய்ப்புகள் குறைந்தது உட்காரும் இடத்தினால் என்பதை எண்ணும்போது மனம் கசக்கத்தான் செய்கிறது. செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை ஆதரித்துத் தம் மேடைகளில் வாசிக்க வைத்தார். பழநியின் மாணாக்கரான திருச்சி சங்கரன் பின்னாளில் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் மிருதங்கம் கற்பித்தார்.

எல்லாவற்றையும் திருப்பிவிட முடியுமா என்றால் முடியாது. பால் வெட்டியவர்களுக்கு இது தெரியும். ரப்பர் மரத்தில் வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக ஓடாமல், வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. ஆதலால் இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நிறைய வடியும். நம் தாயாரும் இடக்கைக்காரர். மரம் அவருக்காகத் திரும்பாது. அவர்தாம் கத்தி பிடிக்கும் கையை மாற்றிக்கொண்டார். வீட்டில் மட்டும் இடக்கையால் காய் நறுக்குவார். அதுபோலவே விபூதி வாங்குவதும் பெரியவர்களிடம் ஒன்றைக் கொடுப்பதும் வலக்கையால் என்றால், அது மரியாதை. பிள்ளைகள் எளிதில் கற்றுக்கொள்வார்கள், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் பென்சிலும் உறுமியும் கித்தாரும் ரப்பர் மரமல்லவே!

இதை நாமே ஒரு காலத்தில் அறியாதிருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த புதிதில், முதலாம் ஆண்டில் ஒரு சிறுமி இடக்கையால் அழகாக எழுதுவாள். அவள் பாட்டி வந்து, "நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேணாமா வாத்தியாரே, மாத்திவிடுங்க" என்றார். நாமும் பென்சிலை எடுத்து வலக்கையில் வைத்தோம். ஒரு தவணை முழுக்க வைத்தோம். எழுத்து கோணியது. பிறகு அவள் எழுதுவதையே குறைத்துக்கொண்டாள். கேட்ட கேள்விக்கும் விடை சொல்லாமல் தலை குனிந்தாள். அன்று மாலை வீட்டுக்குப் போய், இடக்கைக்கு ஏற்றபடி கித்தாரில் பள்ளம் ராவிக்கொண்டிருந்த நம் கையைப் பார்த்தோம். மறுநாள் காலை பென்சிலை அவளுடைய இடக்கையிலேயே திருப்பிக் கொடுத்தோம். முன்பிருந்த எழுத்து திரும்ப ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

வகுப்பில் அத்தகைய பிள்ளைக்கு நாம் இப்போது செய்வது சிறு காரியம். பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கிறோம். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. எழுதும் தாளைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைக்கிறோம். எழுதிய எழுத்து கைக்கடியில் மறையாது.

இனி, அந்தத் தந்தை கேட்ட கேள்வி. தனியாக மேளம் செய்ய வேண்டாம் என்றோம். உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மற்றதை மெல்லிய குச்சியால் தட்டுவார்கள். மேளத்தை முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் போதும், வாரை மட்டும் அதற்கேற்பக் கட்ட வேண்டும், அரைக்காசு செலவில்லை என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த தைப்பூசத்தில் அதே ஆற்றங்கரையில் அவரைக் கண்டோம். பையன் குழுவின் கடைசி வரிசையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தான். எல்லாருடைய குச்சிகளும் ஒரு பக்கம், அவனுடையவை மறுபக்கம். அவன் உறுமியின் விளிம்பில் புதிதாக ஓர் இரும்பு வளையம் இருந்தது. "நான்தான் அடிச்சேன் சார். பழைய வளையம் அந்தப் பக்கம் போயிருச்சு, மேளம் சாஞ்சுக்கிட்டே இருந்துச்சு" என்றார் தந்தை. வளையம் நல்ல உறுதியாகத்தான் இருந்தது.