கையெழுத்திட மறுத்த கை

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தலைமை என்றதும் நம் கண்முன் எழும் காட்சி எது? மேடை, மாலை, ஒலிபெருக்கி, வாழ்த்தொலி! கூட்டம் பெருகப் பெருகத் தலைவரும் பெரியவராகிறார் என்று கணக்கிட்டுப் பழகியவர்கள் நாம். இன்று நான் எடுத்துக் கூற வந்திருப்பது வேறுவிதமான தலைமை. வாழ்த்தொலி எழுப்ப வகையற்று, வாக்குரிமை இழந்து, உற்றாரும் மறந்துவிட, பூட்டிய கதவுக்குப் பின்னே கிடந்த மக்களுக்குத் தலைமை தாங்கச் சென்ற ஒரு மருத்துவரின் கதை. பெயர், பிராங்கோ பசாலியா. நாடு, இத்தாலி. பணி, மனநோய் மருத்துவம்.

“மனநோயா? மருத்துவர் பேசவேண்டிய பொருளாயிற்றே! அரசியல் மேடைக்கு அதிலே என்ன வேலை?” என்று கேட்கும் நண்பர்கள் இருக்கக்கூடும். கேட்கட்டும். பூட்டு எங்கே தொங்குகிறதோ அங்கே அரசியல் இருக்கிறது! ஒரு மனிதனை அடைத்துப் பூட்டும் உரிமையை மற்றொரு மனிதனுக்கு வழங்குவது சட்டம். அந்தச் சட்டத்தை இயற்றுவது மன்றம். அந்த மன்றத்துக்கு ஆள் அனுப்புவது யார்? நீங்களும் நானும்! ஆகவே, அந்தப் பூட்டுக்கு நாமும் பொறுப்பாளிகளே.

பசாலியா 1924ஆம் ஆண்டு வெனிஸ் நகரிலே பிறந்தவர். மாணவப் பருவத்தில் பாசிச ஆட்சியை எதிர்த்தார். 1944இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்தது, விடுதலை கிடைத்தது. பாதுவா பல்கலைக்கழகத்திலே ஆண்டுக்கணக்கில் ஆய்வும் ஏடுமாக இருந்தார். “தத்துவவாதி” என்று அவரைக் குறிப்பிட்டார்களாம். அதிலே பாராட்டும் உண்டு, பரிகாசமும் உண்டு. 1961இல் அந்தப் பல்கலைக்கழக வாழ்வை விட்டு, யூகோஸ்லாவிய எல்லையை ஒட்டிய கொரீட்சியா என்னும் சிற்றூரின் மனநோய்க் காப்பகத்துக்கு இயக்குநராகச் சென்றார்.

உள்ளே நுழைந்ததும் அவருடைய மூக்கிலே ஏறியது ஒரு நாற்றம். பழகிய நாற்றம்! 1944இல் சிறைக்கொட்டடியில் நுகர்ந்த அதே நாற்றம்! கட்டிலோடு சேர்த்துக் கட்டப்பட்ட கைகள். வெளிக்காற்றே படாமல் வெளுத்துப்போன முகங்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும். இவர்கள் செய்த குற்றம் யாது? குற்றம் ஏதும் இல்லை. ஆனால், 1904ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருந்தது. தனக்கோ பிறர்க்கோ ஆபத்தானவன், பொதுமக்கள் முன் அவக்கேடாக நடப்பவன் என்று முத்திரை குத்திவிட்டால் போதும், காப்பகத்துள் தள்ளலாம் என்றது அந்தச் சட்டம். அதுமட்டுமா? குற்றவாளிகளின் ஏட்டிலேயே அவன் பெயரும் ஏறும்! காய்ச்சல் கண்டவனுக்குக் கஷாயம். கலக்கம் கண்டவனுக்குக் காவல்!

புதிய இயக்குநரிடம் ஒரு பதிவேட்டை நீட்டினார்கள். முந்திய இரவு யார் யாரைக் கட்டிவைத்தோம் என்ற பட்டியல் அது. இயக்குநர் கையெழுத்திட வேண்டும், அது வழக்கம். பசாலியா அந்த ஏட்டைப் பார்த்தார். கையெழுத்திட மாட்டேன் என்றார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவர் புரட்சிப் பிரகடனம் படிக்கவில்லை. மதிலை இடிக்கச் சொல்லவில்லை. எழுதுகோலைக் கீழே வைத்தார், அவ்வளவே! ஆனால், கட்டிய கயிற்றின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டவர் அவர். கயிற்றைக் கட்டியது காவலாளரின் கை. அந்தக் கைக்குத் துணிவு தந்தது இயக்குநரின் கையெழுத்து. கையெழுத்து நின்றால் கயிறு அவிழும்! அதிகாரத்தில் அமர்ந்தவுடன் எதற்கெல்லாம் கையெழுத்திடலாம் என்று தேடுவோர் பலர். எதற்குக் கையெழுத்திடக் கூடாது என்று தெரிந்தவர் சிலர். அந்தச் சிலரைத்தான் தலைவர் என்கிறேன்.

பிறகு, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நோயாளரும் செவிலியரும் மருத்துவரும் ஒரே கூடத்தில் கூடிப் பேசும் பொதுக்கூட்டம் நடக்கலாயிற்று. வர விரும்பியவர் வரலாம், எழுந்து போக விரும்பியவர் போகலாம். ஒருவர் பேசும்போதே மற்றொருவர் குறுக்கிடுவார். கூச்சலும் இருந்தது, குழப்பமும் இருந்தது. இருக்கட்டுமே! ஆண்டுக்கணக்கில் வாய்மூடிக் கிடந்தவர் பேசத் தொடங்கும்போது இலக்கணமா பார்ப்பது?

கதை இனிப்பாகவே சென்றது என்று எண்ணிவிடாதீர்கள். 1968இல், ஒருநாள் விடுப்பிலே வீட்டுக்குச் சென்ற நோயாளி ஒருவர் தம் மனைவியைக் கொன்றுவிட்டார். கொடிய நிகழ்ச்சி. “கதவைத் திறந்தாயே, கண்டாயா பலனை?” என்று காத்திருந்தோர் கேட்டனர். பசாலியா மீது வழக்கு வந்தது. நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. இறந்த பெண்ணின் உயிரை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது. அதை மறைப்பவன் நேர்மையாளன் அல்லன். ஆனால், ஒருவர் செய்த கொலைக்காக ஐந்நூறு பேரைக் கட்டிவைப்பது நீதியாகுமா? இந்தக் கேள்வியிலிருந்து பசாலியா பின்வாங்கவில்லை.

எனினும், கொரீட்சியா ஒரு பாடம் கற்பித்தது. காப்பகத்துக்கு வெளியே, ஊருக்குள்ளே, மருத்துவ நிலையங்கள் வேண்டும் என்று கேட்டபோது அங்கிருந்த நிர்வாகம் இணங்கவில்லை. பசாலியா விலகிய பின்னர், 1972இல், எஞ்சியிருந்த மருத்துவர்களும் கூண்டோடு பதவி துறந்தனர். மருத்துவருக்கு மனம் இருந்தது. மன்றத்துக்கு மனம் இல்லை! கதவைத் திறக்க மருத்துவர் போதும். திறந்த கதவின் வழியே வெளியே வருபவருக்கு வீடும் வேலையும் மருந்தும் தர ஆட்சி வேண்டும்.

அந்த ஆட்சித் துணை கிடைத்தது திரியெஸ்தே நகரில். அந்த மாகாணத்தின் தலைவர் மிக்கேலே சனெத்தி, முப்பது வயதை ஒட்டிய இளைஞர். அவர் கிறித்தவ ஜனநாயகக் கட்சிக்காரர், பசாலியாவோ இடதுசாரி. மாற்று முகாமைச் சேர்ந்தவரை 1971இல் வரவழைத்து, சான் ஜொவான்னி காப்பகத்தை ஒப்படைத்து, தடையின்றிப் பணியாற்ற இடமும் கொடுத்தார் சனெத்தி. தோழர்களே, இதைக் கவனித்துக் கேளுங்கள்! எதிர்முகாமில் இருப்பவன் என்பதற்காக ஏற்ற ஆளை ஒதுக்காத உள்ளம் எத்தனை ஆட்சியாளருக்கு உண்டு? பசாலியாவைப் பாராட்டுகிற நாம், அவரை அழைத்த கைக்கும் ஒரு வணக்கம் செலுத்தியாக வேண்டும்.

அங்கே ஏறத்தாழ 1,200 பேர் இருந்தனர். கூட்டுவதும் துவைப்பதும் சமையற்கட்டில் உழைப்பதும் அவர்களே, அதற்குப் பெயர் “சிகிச்சை”, கூலியோ, சிகரெட்டு! உழைப்பு உழைப்புத்தான், கூலி கூலியாகவே தரப்படவேண்டும் என்றனர் புதியவர்கள். நோயாளரே உறுப்பினரான கூட்டுறவுச் சங்கம் பிறந்தது, சம்பளம் வந்தது. சட்டைப்பையில் சொந்தக் காசு விழுந்தபோது, “நோயாளி” தொழிலாளி ஆனார்!

நாடகக்காரன் நான், ஆகையால், குதிரையின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. காப்பகத்தின் சலவைத் துணி வண்டியை ஆண்டுக்கணக்காக இழுத்து வந்தது மார்க்கோ என்னும் குதிரை. மூப்படைந்தது, 1972இல் கொல்லப்பட இருந்தது. உள்ளே இருந்தவர்கள் அந்தக் குதிரையே எழுதுவதுபோல மாகாணத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதினர். உழைத்து ஓய்ந்தவனுக்குச் சாவா பரிசு என்று! குதிரை பிழைத்தது. மறு ஆண்டு, 1973இல், கலைஞர்களும் நோயாளரும் சேர்ந்து மரத்தாலும் காகிதக் கூழாலும் நான்கு மீட்டர் உயர நீலக்குதிரை ஒன்றைச் செய்தனர். அதன் வயிற்றுக்குள்ளே தங்கள் ஆசைகளை இட்டனர். ஊர்வலம் புறப்பட வேண்டும். குதிரையோ பெரிது, வாயிலோ சிறிது! குதிரையைக் குறுக்கலாமா? கூடாது, கதவை உடை! வாயிலை உடைத்துக்கொண்டு நீலக்குதிரை நகருக்குள் சென்றது. பின்னாலே நோயாளரும் செவிலியரும் மருத்துவரும் நடந்தனர். மதிலுக்கு உள்ளே இருந்தவரை நகரம் கண்ணெடுத்துப் பார்த்தது. எத்தனை நாடகம் எழுதினாலும் இப்படியொரு காட்சி எவனுக்கு எளிதிலே அமையும்!

1977 தொடக்கத்தில், காப்பகம் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 1978 மே மாதம் 9ஆம் நாள், கடத்திச் செல்லப்பட்டிருந்த முன்னாள் தலைமை அமைச்சர் ஆல்டோ மோரோவின் உடல் ரோமாபுரித் தெருவிலே கண்டெடுக்கப்பட்டது. நாடே நடுங்கிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், மே 13ஆம் நாள், இத்தாலியில் 180ஆம் எண் சட்டம் பிறந்தது. அதை வடித்துத் தந்தவர் புரூனோ ஒர்சினி. மருத்துவர், அவரும் கிறித்தவ ஜனநாயகக் கட்சியினர். புதிய காப்பகம் கட்டலாகாது. காப்பகத்திலே புதிதாக எவரையும் சேர்க்கலாகாது. பொது மருத்துவமனையிலே மனநலப் பிரிவு அமையட்டும், அதிலும் பதினைந்து படுக்கைக்கு மேல் வேண்டாம் என்றது சட்டம். விருப்பத்துக்கு மாறாகச் சேர்ப்பதானால் இரு மருத்துவரின் கருத்து வேண்டும், நகரத் தலைவரின் ஆணை வேண்டும், நீதிபதியின் ஒப்புதலும் வேண்டும். காலம் ஏழு நாள், நீட்டிக்கக் காரணம் காட்டியாக வேண்டும். ஒரு கையெழுத்துக்கு இத்தனை காவல்! பறிபோன வாக்குரிமையும் திரும்பி வந்தது. பசாலியா 1980இல், ஐம்பத்தாறாம் வயதிலே மறைந்தார்.

வெற்றி என்று கைதட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். சட்டம் ஒரே நாளில் வந்தது. மருத்துவ நிலையங்கள் ஒரே நாளில் வரவில்லை. திரியெஸ்தேயில் இரவும் பகலும் திறந்திருக்கும் நிலையங்கள் ஊருக்குள் எழுந்தன. பல பகுதிகளிலோ காப்பகக் கதவு திறந்தது, வேறெந்தக் கதவும் திறக்கவில்லை. சுமை முழுவதும் தாய்மார் தோளிலே விழுந்தது. பழைய காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட இருபது ஆண்டுகள் பிடித்தன. சட்டத்தை மட்டும் தந்துவிட்டு ஆளும் பணமும் தர மறுப்பது, அழைப்பிதழ் அனுப்பிவிட்டு அடுப்பு மூட்டாமலிருப்பது போன்றது!

இனி, நம் வீட்டுத் திண்ணைக்கு வருவோம். பசாலியா கொரீட்சியா சென்ற அதே 1961இல்தான், சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார் டாக்டர் சாரதா மேனன். ஓய்வு பெற்றபின் வீட்டில் இருந்துவிடவில்லை. மனச்சிதைவு நோயாளரின் மறுவாழ்வுக்காக 1984இல் “ஸ்கார்ஃப்” நிறுவனத்தைத் தொடங்கினார். குடிநோய்க்கு மருத்துவம் உண்டு என்று எடுத்துக்காட்ட, 1980இல் சென்னையிலே சிகிச்சைப் பணியைத் தொடங்கினார் சாந்தி ரங்கநாதன். குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தவர் அவர். நகரத்தோடு நின்றுவிடாமல், 1989இல் மஞ்சக்குடி என்னும் கிராமத்துக்கே மருத்துவ முகாமைக் கொண்டு சென்றார்கள். குடிப்பவன் ஊருக்குள்ளேதானே விழுகிறான். ஊருக்குள்ளேயே எழட்டும் என்ற எண்ணம்!

இத்தகையோர் வாழ்ந்த இதே நாட்டில்தான், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், ஏர்வாடியிலே கூரைக் கொட்டகையொன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களின் கால்களிலே சங்கிலி. ஓட முடியவில்லை. இருபத்தெட்டு உயிர்கள்! தீயை மூட்டியது எதுவானாலும், அவர்களைத் தீக்கு ஒப்படைத்தது சங்கிலி. 2017இல் இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தெளிவாகக் கூறுகிறது. ஏட்டிலே இருக்கும் அந்தச் சொல் வீட்டுக் கொல்லைப்புறம் வரை செல்ல வேண்டாமா? கொண்டுசெல்வது யார்?

தோழர்களே, நீங்கள்தாம்! கிளைதோறும் படிப்பகம் வைத்திருக்கிறீர்கள்; தெருவுக்குத் தெரு ஆட்களை அறிவீர்கள்; யார் வீட்டில் யார் உண்ணவில்லை, உறங்கவில்லை என்பது மருத்துவருக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். பேய் என்று கோடங்கியைத் தேடுமுன், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குடியை நிறுத்த முனைபவனைக் கேலி செய்யாது துணை நில்லுங்கள். நெடுங்காலம் குடித்தவன் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம், அவனுக்கு மருத்துவர் தேவை. வட்ட மருத்துவமனையிலே மனநல மருத்துவர் என்று வருகிறார், மருந்து தீராமல் இருக்கிறதா என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். நம்மவராயினும் கேளுங்கள், மாற்றாராயினும் கேளுங்கள்.

இன்னொன்று. எதிரியைத் தாக்க மேடையேறுகிறோம். “பைத்தியக்காரன்” என்கிறோம், கூட்டம் சிரிக்கிறது. நாடகத்திலே குடிகாரனைத் தள்ளாட விடுகிறோம், கொட்டகை குலுங்குகிறது. அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையிலே, வீட்டிலே பிள்ளையை அடைத்துவைத்துவிட்டு வந்த தாய் ஒருத்தி நிற்பாளே! அந்தச் சிரிப்பைக் கேட்டபின், நாளை அவள் மருத்துவமனை வாயிலுக்கு வருவாளா? வெட்கமல்லவா அவள் வீட்டுக் கதவைப் பூட்டும்! எதிரியை வீழ்த்த நம்மிடம் வாதம் உண்டு, புள்ளிவிவரம் உண்டு, வரலாறு உண்டு. நோயாளியின் நோயைக் கடன் வாங்கவேண்டிய வறுமை நமக்கு இல்லை.

பசாலியாவின் முன்னே ஒரு பதிவேடு நீட்டப்பட்டது. நம் முன்னேயும் நாள்தோறும் நீட்டப்படுகிறது: வசைச் சொல்லாக, வேடிக்கைச் சிரிப்பாக, “நமக்கேன் வம்பு” என்ற மௌனமாக. கையெழுத்திடாதீர்கள்!