மரம் போன மண்ணும் மான் போன வழியும்

மான் வேட்டை என்றவுடன் அடர்ந்த காடு ஒன்று நம் கண்முன் தோன்றுகிறது. அந்தக் காட்டிலே பல்லாண்டு பழகிய வேடன் ஒருவனையும் நினைத்துக்கொள்வோம். மான் நீர் அருந்தும் துறை எது, நண்பகலில் படுக்கும் புதர் எது, அந்தியில் மேய வரும் தடம் எது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒரு நாள் மரங்களை வெட்டி ஏற்றிச் சென்றுவிடுகிறார்கள். அதன் பின் அவன் அங்கே செல்கிறான். மண் பழைய மண்தான். ஆயினும் அவன் கற்ற பாடம் அங்கே செல்லுபடியாகவில்லை. மான் எங்கே போயிற்று? இக்கேள்வியைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம்.

காடு அழிந்தால் மானும் அழியும் என்பது பொதுவான எண்ணம். இது பாதி உண்மையே ஆகும். வட அமெரிக்காவில் வெண்வால் மான் என்றோர் இனம் உண்டு. மரங்களை வெட்டிய இடத்தில் வெயில் தரையைத் தொடுகிறது; அடிக்கட்டைகள் துளிர்க்கின்றன; மானின் வாய்க்கு எட்டும் உயரத்தில் தழை பெருகுகிறது. அதனை நாடி அம்மான்கள் அங்கே வந்து கூடுகின்றன. பகலில் எஞ்சிய காட்டில் பதுங்கி, வைகறையிலும் அந்தியிலும் வெட்டவெளியின் ஓரத்தில் மேய்கின்றன. இருவகை நிலங்கள் சந்திக்கும் இத்தகைய ஓரங்களில் விலங்குகள் மிகுதியாகக் கூடுவதை ஆல்டோ லியோபோல்டு என்ற அறிஞர் 1933-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். பின்னர் இளமரங்கள் ஓங்கி நிழல் மூடும்போது தழை குறைகிறது, மானும் குறைகிறது. ஆகவே, மரம் வெட்டினால் மான் வாழுமா, சாகுமா என்று கேட்பதற்கு முன், அது எந்த மான் என்று கேட்க வேண்டும்.

நம் நாகலாபுரத்துக்கு வருவோம். கோவில்பட்டிக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் கரிசல் சீமை இது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் கம்பும் சோளமும் விதைக்கும் மானாவாரி மண். பனையும் நாட்டுக் கருவேலும் ஆங்காங்கே நிற்க, மற்றெல்லாம் அடிவானம் வரை திறந்த வெளி. கோவில்பட்டியை அடுத்த குருமலைக் காட்டில் புள்ளிமான் உண்டு. அது மர நிழலை நாடுவது. ஆனால் சமவெளிக்கு உரியது திருகுமான். இரலை என்றும் புல்வாய் என்றும் பழந்தமிழர் வழங்கிய பெயர்கள் இதனையே குறிப்பன என்பர். ஆணின் கொம்பு முறுக்கேறியது, ஆண்டுதோறும் உதிராதது. ஆதலின் விலங்கியலார் இதனை மானினத்தில் சேர்க்காமல் மறிமான் இனத்தில் சேர்ப்பர். கண்ணும் காலுமே இதற்குக் காப்பு. பகைவனைத் தொலைவிலேயே கண்டு, மணிக்கு எண்பது கிலோமீட்டர் அளவுக்கு ஓட வல்லது. புதரில் ஒளிந்து பிழைக்கும் விலங்கு அன்று இது.

இச்சீமையின் நிலம் திறந்தவெளியாக இருந்தது என்பதற்கு இங்குள்ள நாய்களே சான்று. சிப்பிப்பாறை நாயையும் கன்னி நாயையும் பாருங்கள். நீண்ட கால், ஒடுங்கிய இடை, ஆழ்ந்த மார்பு! இவை மோப்பத்தைக் காட்டிலும் பார்வையை நம்பித் துரத்துபவை. முள் அடர்ந்த புதரில் இந்த ஓட்டத்துக்கு இடம் ஏது? பாஞ்சாலங்குறிச்சியில் முயல் ஒன்று வேட்டை நாய்களை எதிர்த்துத் துரத்தியதாக வழங்கும் கதைக்கும் இவ்வெளியே களம்.

இத்தகைய வெளியில்தான் சீமைக் கருவேல் புகுந்தது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரத்தின் விதைகள் 1877-ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவுக்கு வந்தன. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று வளர்க்கப்பட்ட மரம், கண்மாயிலும் ஓடையிலும் தரிசிலும் தானே பரவியது. மழை பொய்த்த ஆண்டுகளில் இதனை வெட்டிக் கரிமூட்டம் போட்டே பல குடும்பங்கள் உலை வைத்தன என்பதையும் மறத்தல் ஆகாது. ஆனால் புல் மறைந்தது; தொலைநோக்கு மறைந்தது; திருகுமானுக்கு நிலம் அந்நியமாயிற்று. இதில் ஒரு விந்தையும் உண்டு. குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் ஆராய்ந்தவர்கள், இம்மரத்தின் நெற்றுகளைத் திருகுமான்கள் தின்று, ஆண் மான்கள் கூடி நிற்கும் இடங்களில் சாணத்தோடு விதைகளை இடுவதை 2013-இல் எடுத்துக் காட்டினர். தன்னைத் துரத்தும் மரத்தை மானே விதைக்கிறது!

ஆகவே இங்கே மரம் வெட்டுவது மானின் வீட்டை இடிப்பது ஆகாது. அடைத்த கதவைத் திறப்பது ஆகும். ஆனால் கதவைத் திறந்தவுடன் விருந்தினர் வந்துவிடுவரா? வெட்டிய அடிக்கட்டை அடுத்த மழையில் பல கிளைகளாகத் துளிர்க்கிறது. வேரோடு அகற்றினாலன்றி வெளி நிலைப்பதில்லை. புதரில் தங்கியிருந்த காட்டுப்பன்றியோ தங்குமிடம் இழந்து வேறு புதரையும், விளைந்த வயலையும் நாடுகிறது. இரவெல்லாம் காவல் காத்தும் பயிரை இழந்த உழவரின் துயரம் சிறிதன்று. அந்தச் சினத்தில் கட்டும் கண்ணியும் வைக்கும் வெடியும் பன்றியென்றும் மானென்றும் பார்ப்பதில்லை.

திருகுமான் இம்மாவட்டத்தை விட்டு அறவே நீங்கிவிடவில்லை. வல்லநாட்டு மலையில் 1987-ஆம் ஆண்டு அதற்கெனச் சரணாலயம் அமைந்தது. இந்தியாவில் இவ்வினம் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுவே. கோடிக்கரையிலும் 1967 முதல் சரணாலயம் உண்டு. அங்கும் சீமைக் கருவேலை அகற்றிப் புல்வெளியை மீட்க முயன்று வருகின்றனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருகுமானை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. அதனை வேட்டையாடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

எனவே வேட்டை முடிந்தது. ஆனால் வேட்டைக்காரனின் கல்வி வீணாக வேண்டியதில்லை. ஈர மண்ணில் கூர்மையாகப் பதிந்த குளம்பு மானுடையது. அதற்குப் பின்னே இரு சிறு புள்ளிகளும் பக்கத்துக்கு ஒன்றாகப் பதிந்திருந்தால் அது பெரும்பாலும் பன்றியுடையது. மாணவர்களே, உங்கள் ஊரில் கருவேல் வெட்டிய நிலம் ஒன்று இருந்தால், மழை ஓய்ந்த காலையில் சென்று பாருங்கள். எந்தப் புல் முளைத்தது, எந்தக் கட்டை துளிர்த்தது, எந்தக் குளம்பு கடந்தது என்று நாளிட்டு எழுதுங்கள். ஐந்தாண்டு தொடர்ந்து எழுதினால், வெட்டிய நிலத்துக்கு மான் திரும்புமா என்ற கேள்விக்கு உங்கள் ஏடே விடை சொல்லும்.