சவரக்கத்தியும் ஊர்ச் சுகாதாரமும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டமொன்றில் சுகாதார ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர், சாக்கடை, குப்பைக்குழி ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அளவில் மிகச் சிறியதொரு பொருள். மடக்கினால் ஒரு சாணுக்கும் குறைவான சவரக்கத்தியைப் பற்றியே சொல்லப் போகிறேன். இதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், ஒரு வீட்டாரின் தோலைத் தொட்ட அதே கருவி மறு வீட்டாரின் தோலையும் தொடுகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குலதெய்வக் கோயில் திருவிழாவுக்குச் சென்றிருந்தேன். வேப்பமரத்தடியில் குழந்தைகளுக்கு முடியிறக்கிக் கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை தலையை அசைத்தது. கத்தி பட்டு ஒரு துளி இரத்தம் கசிந்தது. தொழிலாளி கத்தியைக் கிண்ணித் தண்ணீரில் அலசினார், துண்டில் துடைத்தார், அடுத்த குழந்தையை அழைத்தார். அவரை நான் குறை கூறவில்லை. தம் தகப்பனார் செய்ததையே அவரும் செய்தார். ஓய்ந்த வேளையில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "தலைக்கு ஒரு பிளேடு மாற்ற எனக்கும் ஆசைதான், ஐயா. அதற்குரிய காசை யார் கொடுப்பார்கள்? கூலியையே குறைத்துக் கேட்கிறார்களே" என்றார். அந்தக் கேள்விக்கு விடை கூறவேண்டியவர்கள் நாம்தாம்.

கத்தியினால் வரும் அபாயம் யாது? ஹெப்படைட்டிஸ்-பி என்னும் கல்லீரல் நோய் இரத்தத்தின் மூலம் பரவுவது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமும் அதற்குப் போதும். அதன் கிருமி உடலுக்கு வெளியே 7 நாட்களாவது உயிர்ப்போடு இருக்க வல்லது. ஆகவே, திங்களன்று ஒருவரைக் கீறிய கத்தி வெள்ளியன்று மற்றொருவருக்கு நோயைக் கொடுக்கக்கூடும். ஹெப்படைட்டிஸ்-சி என்னும் நோயும் இவ்வாறே இரத்தத்தின் வழியாகப் பரவுகிறது. பிறந்த முதலாண்டில் ஹெப்படைட்டிஸ்-பி தொற்றிய குழந்தைகளில் 100-க்கு 80 முதல் 90 பேருக்கு அது நாட்பட்ட நோயாக நிலைத்துவிடுகிறது. பெரியவர்களிடமோ 100-க்கு 5 பேருக்கும் குறைவாகவே அவ்வாறு நிலைக்கிறது. நாம் பக்தியோடு மொட்டையடிக்கும் பச்சிளங்குழந்தைக்கே ஆபத்து அதிகம் என்பது இதனால் விளங்கும்.

இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. 2002-ஆம் ஆண்டில் சில இடங்களில் தொடங்கி, 2011-ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் அதைப் போட்டுக்கொண்டதில்லை. நாள்தோறும் கத்தியும் இரத்தமுமாகப் பழகுகிற தொழிலாளியே இந்நோய்க்கு முதலில் இலக்காகிறவர் என்பதையும் மறக்கலாகாது.

இனிச் செய்யவேண்டியவற்றைக் கூறுகிறேன். யாவற்றிலும் சிறந்த வழி, பிளேடு மாற்றும் கத்தியை உபயோகிப்பதேயாகும். ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு ஒன்றை, அவர் கண்ணெதிரே உறையைப் பிரித்துப் பொருத்தவேண்டும். பிளேடு புதிதாயினும் பிடியில் நுரையும் இரத்தமும் படுமாதலால், அதனையும் கழுவிச் சுத்தி செய்வது அவசியம்.

சவரம் செய்யும்பொழுது கத்தியில் சேரும் நுரையைச் சிலர் தம் உள்ளங்கையிலோ முன்கையிலோ வழிக்கிறார்கள். கையில் சிறு கீறல் இருந்தாலும் அங்கே நோய் புகுந்துவிடும். மேசைமேல் மடித்து வைத்த காகிதத்தில் துடைப்பதே நன்று. துடைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கத்தியைக் காகிதத்தின்மேல் படுக்கவைத்து, முதுகு முன்னே செல்ல, கூர்முனை பின்னே வருமாறு இழுக்கவேண்டும். கூர்முனை முன்னே சென்றால் காகிதமும் கிழியும், விரலும் அறுபடும். துணியைக் கத்தியின் இருபுறமும் விரல்களால் பற்றி உருவுவது மிகவும் தவறு. காகிதம் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும். கிண்ணித் தண்ணீரையும் ஒவ்வொருவருக்கும் மாற்றவேண்டும்.

இரத்தம் கசிந்தால் உடனே கத்தியை விலக்கிவிட்டுச் சுத்தமான பஞ்சினால் அழுத்திப் பிடிக்கவேண்டும். ஒரே படிகாரக் கட்டியை எல்லோர் முகத்திலும் தேய்த்தல் கூடாது. படிகாரம் இரத்தத்தை நிறுத்தும். கிருமியைக் கொல்லும் என்று அதனை நம்பியிருக்க முடியாது.

பிளேடு மாற்ற இயலாத பழைய கத்தியையே ஒருவர் வைத்திருப்பாராயின், ஒவ்வொருவருக்குப் பின்னும் அதைச் சுத்தி செய்தாகவேண்டும். முதலில் சோப்பு நீரால் நுரை, முடி, இரத்தம் யாவும் போகக் கழுவவேண்டும். அழுக்கு மீந்திருந்தால் மருந்து வேலை செய்யாது. பின்னர் வெளுப்புத்தூள் கரைசலில் 10 நிமிஷம் அமிழ்த்தி வைக்கவேண்டும். 33 சதவிகிதம் குளோரின் உள்ள நல்ல தூளாயின், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் போதும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் அன்றன்று புதிதாகக் கரைத்துக்கொள்க. வெறுமனே ஒருமுறை தோய்த்தெடுப்பதில் பயனில்லை. நெடுநேரம் ஊறவிட்டாலோ எஃகை அது அரித்துவிடும். எடுத்தபின் நல்ல நீரில் அலசி, முன் சொன்னவாறு துடைத்து, பிடியின் இடுக்கும் திருகாணியும் உலருமாறு விரித்து வைக்கவேண்டும். இரவில் மூடிவைக்குமுன் தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயை ஒரு துளி தடவினால் துரு ஏறாது.

கழித்த பிளேடுகளைத் தெருவிலோ வயலோரத்திலோ எறிதல் பெருந்தவறு. வெறுங்காலோடு நடக்கும் குழந்தைக்கும், மேயும் மாட்டுக்கும் அவை ஆபத்து. கெட்டியான தகர டப்பாவின் மூடியில் சிறு பிளவு செய்து அதில் போட்டுவரச் சொல்லுங்கள்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடிநீர்த் தொட்டிக்கென வாங்கும் வெளுப்புத்தூள் உங்கள் வசம் உள்ளது. அதில் சிறிதளவை ஊர் முடிதிருத்தும் தொழிலாளிக்கும் கொடுத்து உதவலாம். திருவிழா வரவு செலவுக் கணக்கில் பந்தலுக்கும் மேளத்துக்கும் ஒதுக்குவதுபோல் பிளேடுகளுக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். தொழிலாளிகள் தடுப்பூசி பெறுவதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து வழி செய்யலாம். கிராம சபையில் இவற்றை எடுத்துப் பேசுங்கள். ஆனால் தொழிலாளியைக் குற்றவாளியாக நிறுத்திவைத்துப் பேசாதீர்கள்; அவரையும் சரிசமமாக அமரவைத்து யோசனை கேளுங்கள்.

விவசாயப் பெருமக்களே! நாற்காலியில் அமர்ந்ததும், "புது பிளேடு போடுங்கள், அதற்குரிய காசை நான் தருகிறேன்" என்று சொல்லுங்கள். வேப்பமரத்தடியில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அதுவே தக்க விடையாகும்.