குமிழிக்கு என்ன விலை?

நோட்டீஸ் போர்டில் தலைப்பைப் பார்த்துவிட்டு "சார், நீங்களுமா?" என்று லிஃப்டில் கேட்டார்கள். யாரையும் குடிக்கச் சொல்லி நான் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் நுரை ஒயின் பாட்டில்களில் ஒன்று மலிவு, ஒன்று பல மடங்கு விலை. ஏன்? பி.காம். படித்து வங்கியில் பேரேடு எழுதியவனுக்கு அந்தக் கணக்கில்தான் ஆர்வம்.

நுரைப்பதையெல்லாம் ஷாம்பெயின் என்கிறோம். ஐரோப்பியச் சட்டப்படி, பிரான்சின் வடகிழக்கில் ஷாம்பெயின் வட்டாரத்தில் விளைந்த திராட்சையில், அங்கேயே செய்தால்தான் அந்தப் பெயர். பெரும்பாலும் ஷார்டொனே, பினோ நுவார், மெனியே என்ற மூன்று வகைகள். இதில் இரண்டு கருந்திராட்சை! தோல் ஊறாமல் மெதுவாகப் பிழிவதால் சாறு வெளுப்பாக வருகிறது.

சாதாரண ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து இறுக மூடுகிறார்கள். இட்லி மாவு பொங்குகிற மாதிரிதான். ஆனால் வாயு வெளியே போக வழியில்லை, ஒயினிலேயே கரைந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரைப்போல இரண்டு மடங்குக்கு மேல். (திறக்கும்போது முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள்.) குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும். ஒரே ஆண்டு விளைச்சலின் பெயரில் விற்றால் 3 ஆண்டு. அத்தனை நாள் சரக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டி யார் கட்டுவது? வாங்குகிற நாம்தான்.

இத்தாலியின் வடகிழக்கில் செய்யும் புரொசெக்கோவுக்குக் கிளேரா திராட்சை. பெரிய எஃகுத் தொட்டியில் மொத்தமாக நுரைக்க வைத்து, சில வாரங்களிலேயே பாட்டிலில் அடைக்கலாம். அதனால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். கிளேராவின் ஆப்பிள், பேரிக்காய் வாசனை ஈஸ்ட்டோடு நெடுநாள் கிடந்தால் மங்கிவிடும். அதற்குத் தொட்டிதான் பொருத்தம்.

ஸ்பெயினின் காவா, ஷாம்பெயின் மாதிரியே பாட்டிலில் நுரைப்பது; குறைந்தது 9 மாதம். திராட்சை அந்த ஊருடையது: மக்கபேயோ, ஷரெல்லோ, பரெயாதா. விலையோ பெரும்பாலும் ஷாம்பெயினைவிட வெகு குறைவு. என் கணக்குப்படி கொடுத்த காசுக்கு அதுதான் சரி.

பெயரிலும் பணம் இருக்கிறது. அந்தக் கிளேராவுக்கு முன்பு புரொசெக்கோ என்றே பெயர். திராட்சையின் பெயரை எந்த நாட்டிலும் போட்டுக்கொள்ளலாம் அல்லவா? 2009-ல் திராட்சைக்குக் கிளேரா என்று வைத்து, புரொசெக்கோவை வட்டாரத்தின் பெயராக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கிங் பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே அந்தக் கொடியை நட்டிருந்த விவசாயிகளுக்கு ஐரோப்பாவில் அந்தப் பெயர் போயிற்று. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு என்பேன்.

கடைசியாக லேபிள். 'எக்ஸ்ட்ரா டிரை' என்றிருந்தால் இனிப்பே இராது என்று எண்ணாதீர்கள். 'புரூட்' என்றால் லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்குள். 'எக்ஸ்ட்ரா டிரை'யில் 12 முதல் 17 வரை. 'டெமி செக்' 32 முதல் 50. நம் பிளாக்கில் சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் நிறைய. டாக்டரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.