மரத்தளத்தின் கணக்கு மண்ணிலிருந்து தொடங்குகிறது

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், குறிப்பாக ரொறன்ரோவிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் உள்ள வீடுகள் பலவற்றில், பின்கதவு நிலமட்டத்திலிருந்து சில அடி உயரத்தில் திறக்கிறது. அக்கதவுக்கும் பின்வளவின் புற்றரைக்கும் இடையிலுள்ள உயர வேறுபாட்டை ஈடுசெய்யும் வகையில், மரச்சட்டங்களின் மேல் பலகை பரப்பி அமைக்கப்படும் திறந்த மேடையே ‘டெக்’ எனப்படுகிறது. தமிழில் அதனை மரத்தளம் எனலாம். யாழ்ப்பாணத்து வீட்டில் விறாந்தை ஆற்றிய பணியை, கோடை குறுகிய இந்நாட்டில் இம்மரத்தளம் சில மாதங்களுக்கேனும் ஆற்றுவதால், தமிழ்க் குடும்பங்கள் பலவும் வீடு வாங்கிய பின் இதனை அமைக்க விரும்புகின்றன.

இதற்குப் பாதீடு வகுக்கும்போது, அதாவது செலவினங்களை முன்கூட்டியே இனம் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தொகை ஒதுக்கும்போது, முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ‘சதுர அடி என்ன விலை’ என்பதாகவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பலகையைப் பற்றிய இக்கேள்வி, பலகையைத் தாங்கும் சட்டம், சட்டத்தைத் தாங்கும் தூண், தூணைத் தாங்கும் அத்திவாரம், இவை அனைத்துக்கும் வேண்டிய அனுமதி ஆகியவற்றை மறைத்துவிடுகிறது. ஆகவே, பாதீட்டை மேற்பரப்பில் தொடங்காமல், நிலத்திலிருந்து மேல்நோக்கி வகுப்பதே முறையாகும்.

பரப்பை அளப்பதற்கு முன்னர் உயரத்தை அளக்க வேண்டும். ரொறன்ரோவில் நிலமட்டத்துக்கு மேல் 60 சென்ரிமீற்றரை, அதாவது ஏறக்குறைய 24 அங்குலத்தைத் தாண்டும் தளத்துக்கு நகரசபையின் கட்டட அனுமதிப்பத்திரம் தேவைப்படுகிறது; அதற்கு வரைபடம், விண்ணப்பக் கட்டணம், காத்திருக்கும் காலம் என மூன்று செலவுகள் உண்டு. அதே 60 சென்ரிமீற்றர் எல்லையைத் தாண்டியதும், விளிம்பிலிருந்து எவரும் விழாதவாறு பாதுகாப்புக் கிராதி அமைப்பதும் கட்டாயமாகிறது. தளத்தின் உயரம் 1.8 மீற்றருக்கு உட்பட்டிருந்தால் கிராதி குறைந்தது 90 சென்ரிமீற்றரும், அதற்கு மேற்பட்டால் 107 சென்ரிமீற்றரும் இருக்க வேண்டும் என்றும், குழந்தையின் தலை நுழையாதபடி கம்பிகளுக்கிடையே 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது என்றும் விதிகள் கூறுகின்றன. எனவே, கதவின் அமைப்பு இடங்கொடுக்குமாயின், இரண்டு படி இறங்கித் தளத்தை அடையுமாறு திட்டமிட்டு, உயரத்தை இந்த எல்லைக்குள் நிறுத்துவது, மலிவான பலகையைத் தேடி அலைவதைக் காட்டிலும் கூடுதலான பணத்தை மிச்சப்படுத்தக்கூடும். அனுமதி தேவைப்படாத தளமும் வேலியிலிருந்து விடவேண்டிய தூரம் போன்ற நிலப் பயன்பாட்டு விதிகளுக்கு உட்பட்டதே என்பதால், நகரசபையிடம் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

அடுத்தது மண். நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. மாரியில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து நிலத்தையும் அதன்மேல் நிற்பவற்றையும் மேலே தள்ளுவது உறைபனி உந்தல் எனப்படும். ரொறன்ரோப் பகுதியில் இவ்வுறைவு எட்டாத ஆழமாக 1.2 மீற்றர், அதாவது 4 அடி கொள்ளப்படுவதால், வீட்டுச் சுவரோடு பிணைக்கப்படும் தளத்தின் தூண்கள் அந்த ஆழத்திலிருந்து எழ வேண்டும். 10 அங்குல விட்டமும் 4 அடி ஆழமும் கொண்ட ஒரு குழியை நிரப்ப, 30 கிலோ கொங்கிரீட் கலவைப் பைகள் ஐந்து செல்லும். மூன்று குழிகளுக்கு 15 பைகள், அதாவது 450 கிலோ எடை. சாதாரணக் காரில் ஏற்ற முடியாத இந்த எடை, ஏற்றுகூலி என்ற தனி இனத்தைப் பாதீட்டில் சேர்த்துவிடுகிறது. குழி தோண்டுமுன் நிலத்தடி எரிவாயுக் குழாய்களையும் மின்கம்பிகளையும் அடையாளமிடுவிக்க ‘ஒன்ராறியோ வன் கோல்’ அமைப்புக்கு அறிவிப்பது சட்டப்படி கட்டாயமாகும். அச்சேவை இலவசமாயினும், குறைந்தது 5 வேலைநாள்களுக்கு முன்னர் அறிவிக்க வேண்டியிருப்பதால், அதனைச் செலவுக் கணக்கில் அல்லாமல் காலக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மண்ணுக்கு மேல் வரும் பொருள்களுக்கு விலை விசாரிக்கும் முன் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். சுவரிலிருந்து 12 அடி நீண்டு, சுவரோரமாக 16 அடி அகன்ற ஒரு தளத்தை எடுத்துக்கொண்டால், அதன் பரப்பு 192 சதுர அடி. தாங்குசட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தினால், 12 அடிச் சட்டங்கள் 13 தேவைப்படும். ‘6 அங்குலப் பலகை’ என்று விற்கப்படும் தளப்பலகையின் உண்மையான அகலம் ஐந்தரை அங்குலமே. பெயரை நம்பிக் கணக்கிடுபவர் 24 பலகைகள் போதும் என்பார். தளத்தின் 12 அடியை, அதாவது 144 அங்குலத்தை, உண்மை அளவால் வகுத்தால் 27 பலகைகள் வேண்டும். வெட்டுக் கழிவுக்கும் கோணலான பலகைகளுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 30 ஆகிறது. ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு திருகாணிகளால் இறுக்கப்படுவதால், மேற்பரப்புக்கு மட்டும் 702 திருகாணிகள் செல்லும். சுவர் தவிர்ந்த மூன்று பக்கங்களின் நீளமான 40 அடியில் படிக்கட்டுக்கு 4 அடி போக, எஞ்சிய 36 அடிக்குக் கிராதி தேவைப்படலாம். இப்பட்டியல் கையில் இருக்குமாயின், எந்தக் கடையிலும் ஒரே பொருள்களின் விலையை ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.

மரத்தின் தேர்வும் முதல் விலையோடு முடிவதில்லை. உளுக்காமல் இருக்க மருந்தேற்றிய மரமே பொதுவாக மலிவானது. ஆர்செனிக் கலந்த பழைய மருந்து 2003ஆம் ஆண்டின் முடிவோடு வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டு, செம்பு மிகுந்த மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. செம்பு சாதாரண இரும்பை விரைவில் அரிப்பதால், தடித்த நாகப்பூச்சுப் பெற்ற ஆணிகளையும் இணைப்புத் தகடுகளையுமே வாங்க வேண்டும், அவற்றில் சிக்கனம் பார்ப்பது பிழையாகும். மரத்தூளும் பிளாஸ்திக்கும் கலந்து செய்யப்படும் கலப்புப் பலகையின் விலை அதிகம். எனினும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரச்சாயம் பூச வேண்டிய தேவையில்லை. ஆகவே, மலிவான மரத்தின் விலையோடு பத்தாண்டுச் சாயப்பூச்சின் செலவையும் சேர்த்தே இரண்டையும் ஒப்பிட வேண்டும். கலப்புப் பலகையின் கீழே இருப்பதும் மருந்தேற்றிய மரச்சட்டங்களே என்பதையும் மறத்தலாகாது.

வேலையை ஒப்பந்தகாரரிடம் ஒப்படைப்பவர்கள், மேற்சொன்ன பட்டியலைக் கொடுத்து எழுத்துமூலமாகக் குறைந்தது மூன்று விலை மதிப்பீடுகளைப் பெறுவதும், காப்புறுதிச் சான்றைக் கேட்பதும் முறையாகும். மதிப்பீட்டில் ஒன்ராறியோவின் 13 விழுக்காட்டு விற்பனை வரி அடங்கியுள்ளதா என்பதை அறிய வேண்டும். 20,000 டொலர் வேலைக்கு அவ்வரி மட்டுமே 2,600 டொலர். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை குறிக்கப்பட்டிருந்தால், வேலையைக் கூட்டுவதற்கு நுகர்வோர் புதிதாக உடன்பட்டாலன்றி, இறுதிக் கட்டணம் அதனை 10 விழுக்காட்டுக்கு மேல் தாண்டக் கூடாது என்று மாகாண நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை 10 நாள்களுக்குள் விலக்கிக்கொள்ளும் உரிமையும் அச்சட்டத்தில் உண்டு. முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காமல், அத்திவாரம், சட்டகம், மேற்பரப்பு என்ற கட்டங்கள் நிறைவேறும்போது தவணையாகக் கொடுப்பது வீட்டாரின் பிடியைத் தளரவிடாமல் காக்கும்.

எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டாலும், தோண்டும் இடத்தில் எதிர்ப்படும் பாறையும் விலைவாசியும் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் வட அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் பலகை அடி மரத்தின் முன்பேர விலை 1,600 அமெரிக்க டொலரைத் தாண்டியதும், அதே கோடைக்குள் மளமளவெனச் சரிந்ததும் இதற்குச் சான்று. ஆகவே, மொத்தத் தொகையில் 10 முதல் 15 விழுக்காட்டை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்குவது அறிவுடைமை. அவ்வொதுக்கீட்டையும் சேர்த்த பின் கையிருப்பு போதாதெனத் தோன்றினால், வீட்டின் மீது மேலும் கடன் பெறுவதற்கு மாறாகத் தளத்தின் பரப்பைக் குறைப்பதே ஏற்றது; குறைக்கக் கூடாதவை அத்திவாரத்தின் ஆழம், ஆணியின் தரம், கிராதியின் உறுதி ஆகிய மூன்றுமே.

இக்கோடையில் மரத்தளம் அமைக்க எண்ணும் நேயர்கள், கடைக்குச் செல்வதற்கு முன் அளவுநாடாவை எடுத்துப் பின்கதவின் வாசற்படியிலிருந்து நிலம் வரையுள்ள உயரத்தை அளந்து, அந்த எண்ணைப் பாதீட்டுத் தாளின் முதல் வரியில் எழுதிக்கொள்வார்களாக.