கோடை முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்புமுன்
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் திரைப்பட, நடிப்புப் பயிற்சி முகாமுக்கு நம் பிள்ளைகளை அனுப்பவிருக்கிறோம். தொப்பி, தண்ணீர், மதிய உணவு கொடுத்துவிட்டால் ஆயத்தம் முடிந்துவிடுமா?

1952-ல் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பை வங்காளத்தில் ஒரு நாணற்பூ வெளியில் தொடங்கினார். அப்புவாக நடித்த சிறுவன் விறைப்பாக நடந்தான். ராய் அவன் நடக்கும் வழியில் சிறு தடைகளை வைத்தார். பல பக்கங்களிலிருந்து அவனைக் கூப்பிடச் செய்தார். பையன் தடையைத் தாண்டினான், குரல் கேட்டுத் திரும்பினான், நடை இயல்பாயிற்று. பின்னர் மாடுகள் அப்பூக்களை மேய்ந்துவிட, அடுத்த பூக்காலம்வரை காத்திருந்தார்கள். படம் 1955-ல் வெளிவந்தது.

ஆதலால், வசனமும் முகபாவமும் வீட்டிலேயே ஊட்டி அனுப்பவேண்டாம். பிறர் சொல்வதைக் கவனித்துக் கேட்கவும், தன் முறை வரும்வரை பொறுத்திருக்கவும் பழக்குவோம்.

எல்லாருக்கும் முதன்மை வேடம் கிடைக்காது. விளக்குப் பிடித்துவிட்டு வாடிய முகத்தோடு வரும் பிள்ளையிடம், "உனக்கு வேடம் இல்லையா?" என்று கேட்டு அழவைத்தவர்கள் நம்மிலும் உண்டு. இம்முறை, "இன்று என்ன கற்றாய்?" என்று கேட்போம். அந்த விளக்கு இல்லையேல் கதாநாயகன் முகமும் தெரியாதன்றோ?